பிரிக்காத பொட்டலம்

வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய இரண்டு சின்னப் பொட்டலங்கள். பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலின் சந்நிதிப் படியில் அவை பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் நான் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகலாம். சிவப்பு வந்தால் வீட்டோடு இருக்க வேண்டும். இப்படிப் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. பெண் பார்க்க, நிலம் வாங்க, ஆபரேஷனுக்குச் சம்மதிக்க என்று எதற்கும் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வந்தவள் என் அக்கா. பூசாரி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

நான் எதையும் சட்டென்று முடிவெடுக்கிற ஆள் இல்லை. செருப்பு வாங்க மூன்று தடவை கடைக்குப் போவேன். மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு திரும்புவேன். ஓட்டலில் சர்வர் வந்து நின்றால், பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னதையே எனக்கும் என்று சொல்லித் தப்பிப்பேன். அக்கா நேரெதிர். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கத்தரிக்காய் வாங்குகிற வேகத்தில் கல்யாணப் பட்டே எடுத்துவிடுவாள். "அக்காட்ட கேட்டுச் சொல்றேன்" என்பது என் வாயில் ஊறிப்போன வார்த்தை. தோழிகள் அதைச் சொல்லியே என்னைக் கூப்பிடுவார்கள். நான் ரொம்பவும் குழம்பினால், "யோசிச்சு யோசிச்சு மண்டைய ஒடைக்காதடி, பூவக் கட்டிப் பாத்துருவோம்" என்பாள் அக்கா. பள்ளிக்கூடத்தில் எந்தக் குரூப், அதற்கப்புறம் என்ன படிப்பு, எல்லாமே அவள் கட்டிய பூதான்.

லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பத்து நாளுக்குள் சேர வேண்டும். அப்பா அப்போதே இல்லை. அம்மாவுக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்திருந்தன. நான் போனால் அம்மாவைக் கோச்சடையில் அக்கா வீட்டில்தான் விட வேண்டும். அவளுக்கு நாலு வயதுப் பெண் குழந்தை, கூடவே மாமியார். ஆனாலும் அவள் தயங்கவே இல்லை. "அம்மாவ நான் பாத்துக்கிறேன். நீ அதப் பத்திக் கவலையே படாத" என்று என் தலையைத் தடவிச் சொன்னாள். போவதா வேண்டாமா என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதி அடித்தே எட்டு நாளைக் கழித்தேன். ஒன்பதாம் நாள் அக்காவுக்குப் போன் செய்தேன். பொட்டலங்களைக் கட்டி எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

நாரை அவிழ்த்தேன். சிவப்பு. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு வராத அழுகை அவளுக்கு வந்தது. நமக்காக இவ்வளவு வருந்த ஒருத்தி இருக்கிறாளே என்று நான்தான் அவளைத் தேற்றினேன். பிறகு படியில் கிடந்த மற்ற பொட்டலத்தை எடுக்கக் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். "வராத பூவப் பிரிக்கக் கூடாதுடி. சாமி குத்தமாயிரும்." அவளே அதை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, வைகையில் விட்டுவிடுவதாகச் சொன்னாள். அப்படி ஒரு சாத்திரம் உண்டா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. செருப்பு வாங்க மூன்று நாள் யோசிக்கிறவள், அதை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

பதினேழு வருஷம் போனது. பழங்காநத்தத்திலேயே ஒரு சின்ன லேப்பில் வேலை. காலையில் அம்மாவைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஓடுவேன். மதியம் ஒரு தடவை ஓடி வருவேன். வந்த வரன்களுக்கெல்லாம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்; அவர்கள் யோசிக்காமல் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவைக் கவனித்ததில் எனக்கு வருத்தமில்லை. சாமி சொன்னதைத்தானே செய்கிறோம் என்று நிம்மதியாகவே இருந்தேன். லேப் முதலாளி திருநெல்வேலியில் ஒரு கிளை திறந்து, அதை நீ போய்ப் பார்த்துக்கொள் என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அக்காவிடம் கேட்டேன். "இந்த வயசுல எதுக்குடி அலையணும்?" என்றாள். சரிதானே என்று பட்டது.

போன ஆவணியில் அக்கா மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பெண் வாயைத் திறக்கவில்லை, உன்னை மாதிரியே யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது, பூக்கட்டிப் பார்க்கலாம், நீயும் வா என்று அக்கா கூப்பிட்டாள். நான் போனபோது அடுப்படித் தரையில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். தட்டில் நந்தியாவட்டை மட்டும் இருந்தது. ஒன்றைக் கட்டி வைத்துவிட்டு, இரண்டாவது இலையிலும் நந்தியாவட்டையையே வைத்தாள்.

"செவப்பு எங்கக்கா?" என்றேன்.

"அது எதுக்கு? அவ போகத்தான போறா" என்றாள் நிமிராமல்.

சொன்னது என்னவென்று அதன் பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். நாரைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அன்னைக்கு எனக்குக் கட்டுனதுல வெள்ள எங்கக்கா இருந்துச்சு?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "நாலு வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு, மாமியாட்டப் பேச்சும் வாங்கிக்கிட்டு, அம்மாவ நான் எப்பிடிடி பாத்திருப்பேன்?"

"அத என்கிட்ட வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ யோசிப்ப."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கஷ்டம் புரியாமல் இல்லை. என்னால் முடியாது, போகாதே என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நின்றிருப்பேன். ஒருவேளை போயுமிருப்பேன். எதைச் செய்திருப்பேன் என்று எனக்கு இனிமேல் தெரியவே போவதில்லை. என் பலவீனத்தை என்னைவிட நன்றாக அறிந்தவள், அதைப் பிடித்துக்கொண்டே என்னைப் பதினேழு வருஷம் நடத்தியிருக்கிறாள். சாமியையும் அவள் பக்கம் சேர்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் மன்னித்தாலும் அன்றைக்கு அவள் அழுத அழுகையை மன்னிக்க முடியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டவள் நான்.

இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், அங்கே இருந்த அவள் மகள் முன்னால் பிரித்துப் போட்டேன். "ரெண்டுலயும் வெள்ளதான் இருக்கு. போகணும்னு இருந்தா நீயாப் போ" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "அம்மா கட்டுனா வேற எப்பிடி இருக்கும் சித்தி? நான் போன வாரமே டிக்கெட் போட்டுட்டேன்." எங்கள் குடும்பத்திலேயே நான் ஒருத்திதான் ஏமாளி என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் காலை லேப் முதலாளியிடம் திருநெல்வேலிக்குப் போகிறேன் என்றேன். "அக்காட்ட கேட்டாச்சாம்மா?" என்றார் அவர், கிண்டலாக. கேட்கவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பெரியவ வீட்டுக்குத்தான? போவோம். அவளும் செய்யட்டும்" என்றாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக் கோச்சடைக்குக் கூட்டிப் போனேன். என் பெட்டியும் ஆட்டோவில்தான் இருந்தது. அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், இடது கையை எப்படித் தாங்கித் தூக்க வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டினேன். மாமியார் இறந்து ஆறேழு வருஷமாகிறது. சொல்வதற்கு அவளிடம் சாக்கு ஏதும் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், வாசல்வரை என் பின்னாலேயே வந்தாள்.

"எம்புட்டு நாளைக்குடி?"

"தெரியலக்கா."

"இப்பிடித் திடுதிப்புன்னு விட்டுட்டுப் போனா எப்பிடி? ரெண்டு நாள் நல்லா யோசிச்சுப் பாருடி."

என் நாற்பது வருஷத்தில் அக்கா என்னை யோசிக்கச் சொன்னது அன்றைக்குத்தான். அந்த வாசலில் இருந்து கிளம்பும்போதெல்லாம் "வாரேன்க்கா" என்றுதான் சொல்லிப் பழக்கம். "போறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.