எந்தத் தேதியானாலும்

அவர் எங்கள் ஓசூர் தொழிற்சாலையின் ஸ்டோர் பொறுப்பாளர். ஒல்லியான மனிதர். நீலச் சீருடையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். ஜெர்மனியில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகன் கொரோனா காலத்தில் இறந்துபோனான். விமானங்கள் ஓடாத மாதம் என்பதால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் மதிய இடைவேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "டிக்கெட்டு எறங்கிச்சாம்மா?" என்பார். நான் போனில் ஜெர்மனி விமான டிக்கெட்டைத் தேடி விலையைச் சொன்ன பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

முதல் நாள் நான் கேள்விகளை வரிசையாக அடுக்கினேன். எந்த மாதம், எத்தனை நாள், பெங்களூரிலிருந்தா சென்னையிலிருந்தா?

"எந்தத் தேதின்னாலும் சரிம்மா. அவன் அங்கயேதான இருப்பான்."

ஒரு வாரம், அவர் சேர்த்து வைத்திருந்த தொகைக்கும் கீழே விலை இறங்கியது.

"நவம்பர்ல இருக்கு. போட்டுடட்டுமா சார்?"

வெகுநேரம் போனையே பார்த்தார்.

"வேணாம்மா. இப்ப யாராச்சும் கேட்டா, பையன் ஜெர்மனில இருக்கான்னு சொல்லிக்கறேன். கல்லறையப் பாத்துட்டு வந்துட்டா, அப்புறம் என்னான்னு சொல்லுவேன்?"

அன்று சாப்பிடாமலே எழுந்து போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். "எறங்கிச்சாம்மா?"

அதே விலைதான் இருந்தது.

"ஏறிடுச்சு சார்," என்றேன்.

போன் திரை அவர் கண்ணுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"பரவால்லம்மா, பாத்துக்கலாம்," என்று டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சைச் சாதத்தில் பாதியை என் தட்டில் வைத்தார்.