கேமராவைத் திருப்பி வைத்தவர்

பிள்ளைகளே, நம் காஞ்சிபுரத்தில் கஞ்சி போட்ட சட்டையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெரியவர் இருந்தார். வானொலியில் நெடுங்காலம் பேசியவர். ஓய்வு பெற்றபின் ஊர்க்காரர்களின் பழங்கதைகளை வீடியோவில் பதிந்துவந்தார். இறப்பதற்குமுன் உங்கள் தாத்தாவும் அவரிடம் பேசிப் பதிந்திருந்தார். தாத்தாவின் படம் ஒன்றுகூட நம்மிடம் கிடையாது. அவர் முகத்தை உங்களுக்குக் காட்ட வேண்டுமென்று பெரியவரிடம் போனேன்.

பதிவு ஓடியது. அப்பாவின் குரல் கேட்டது. திரையிலோ பெரியவர்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா எங்கய்யா?"

"கேமராவைப் பார்த்தா ஆளுங்க விறைச்சிக்கினு உக்காந்துடறாங்கப்பா. உங்கப்பா தலையெல்லாம் சீவிக்கினு வந்து வாயே திறக்கல. என் பக்கம் திருப்பி வெச்சேன், பேசிட்டாரு."

"எல்லாப் பதிவும் இப்படித்தானா?"

"எல்லாத்துலயும் நான்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அப்பா, தான் நெய்த முகூர்த்தச் சேலையில் மயில் கோழியாகிவிட்ட கதையைச் சொன்னார். திரையில் பெரியவர் கண்ணாடி கழன்று விழச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தப் பதிவைத்தான் உங்களுக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது சின்னப் பிள்ளைகள் நீங்கள். மறுவாரம் கடைத்தெருவில் அவரைக் கண்டதும் "தாத்தா!" என்று ஓடிக் காலைக் கட்டிக்கொண்டீர்கள். அவர் மறுக்கவில்லை. குனிந்து, அப்படியே என் அப்பாவின் குரலில் கோழிக் கதையைத் தொடங்கினார்.

யாரைத் திருத்துவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.