அட்டை வெட்டவென்று வாங்கிய கத்தி

பக்ரீத் வந்தால் எங்கள் தாராவி சந்தில் நான்கு வீட்டு ஆடுகளுக்குத் தோல் உரிப்பது நான்தான். பாதியிலேயே கத்தி மழுங்கிவிடும். அதனால் பிளேடு மாற்றும் கத்தி ஒன்று வாங்க மாஹிமில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான். என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "எதுக்கு பாய் கத்தி?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மற்றவர்களிடம் இப்படிக் கேட்பாரா? "அட்டை வெட்டத்தான் அண்ணாச்சி" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். மெல்லிய பிளேடு போட்ட கத்தி ஒன்றைத் தந்தார்.

பெருநாளன்று மூன்றாவது ஆட்டின் தொடை மூட்டில் பிளேடு லேசாக இடறியது. நான் பொருட்படுத்தவில்லை. இறைச்சியைப் பங்கு பிரித்த பிறகு கத்தியைக் கழுவும்போதுதான் பார்த்தேன், முனையைக் காணோம். ஏழைகளுக்கான பொட்டலங்களை வாசலிலேயே தடுத்து, ஒவ்வொரு துண்டாகப் பிசைந்து தேடினேன். பக்கத்துச் சந்தில் தகப்பனில்லாத மூன்று பிள்ளைகளுக்குப் போகவேண்டிய பொட்டலத்தில், நகத்தளவு இரும்பு என் விரலில் குத்தியது.

மறுவாரம் சண்டை போடத்தான் கடைக்குப் போனேன். ஆட்டுத் தோல் உரிக்கையில் முனை உடைந்துவிட்டது என்றேன். அண்ணாச்சி உடைந்த பிளேடைத் திருப்பிப் பார்த்தார்.

"தோல் உரிக்கன்னு சொல்லியிருந்தா கெட்டி பிளேடுல்லா தந்திருப்பேன்?"

அதற்குள் என் பின்னால் நின்ற பெண் கத்தரிக்கோல் கேட்டாள்.

"எதுக்கும்மா? துணிக்கா, பேப்பருக்கா?" என்றார் அவளிடமும்.

இப்போதும் யாராவது 'எதுக்கு?' என்றால் உள்ளுக்குள் சுருக்கென்கிறது. ஆனால் அந்த மூன்று பிள்ளைகளின் நினைப்பு வந்துவிடும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.