கொய்யாக் கைப்பிடி

கட்டைவிரலின் அடியில் வந்த வலி முதலில் என் தையலைக் கெடுத்தது, பிறகு எதற்கெடுத்தாலும் எரிந்து விழவைத்து என் வாயைக் கெடுத்தது. குத்தூசியைச் செருப்புத் தோலுக்குள் இறக்கும் ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை சுண்டி இழுத்தது. திருநகரில் எங்கள் செருப்புக் கடை. பின்னறையில் நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து தைப்போம். ஆரப்பாளையத்தில் பார்த்த டாக்டர், கைக்கு அடிக்கடி ஓய்வு கொடுங்கள் என்றார். வீட்டுக்காரருக்கு அது போதுமாக இருந்தது.

"இனிமே நீ கல்லாவுல உக்காந்துக்க. தைக்கிறத நான் பாத்துக்கிறேன்."

அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தையலை விட்டால் அந்தக் கடையில் நான் யார்? வருகிறவர்களுக்கு டப்பா எடுத்துக் கொடுப்பவள். விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

குத்தூசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊசியில் குறையில்லை, கைப்பிடிதான் தடி. கடைகளில் விற்பதெல்லாம் ஆண்களின் உள்ளங்கைக்குச் செய்தவை. என் விரல்கள் அதைச் சுற்றி முழுதாக மூடுவதே இல்லை. அந்தக் குறைக்கும் சேர்த்துக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருஷமாக இது உறைக்கவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

நூலில் தேய்க்கும் மெழுகை வெயிலில் இளக்கி, தைக்கும்போது பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தேன். ஆறியதும் என் பிடி அதில் பதிந்திருந்தது. அதை டப்பாவில் போட்டுக்கொண்டு சிம்மக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே மரக் கடைசல் பட்டறைக்காரர் மெழுகைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தாயி, கொழுக்கட்டையா?"

"குத்தூசிக்குக் கைப்பிடிண்ணே. இதே அளவுல வேணும்."

தேக்கை நீட்டினார். ஊசியின் வால் இறங்கும் இடத்தில் பிளந்துவிடும் என்று ஒதுக்கினேன். கருவேலம் கனத்தது, சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு சோர்ந்துவிடும். மூலையில் நன்றாகக் காய்ந்த கொய்யாக் கிளை ஒன்று கிடந்தது. கணு இல்லை, ரேகை நீளவாட்டில் நேராக ஓடியது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

"அம்புட்டுக் கட்டை கெடக்கு, இதுதான் கண்ணுல பட்டுச்சா?" என்றபடி கடைந்தார். மெஷினில் உருண்டையாகத்தான் வரும்; என் பிடியோ முட்டை வாட்டம். மிச்சத்தை அரத்தால் ராவ வேண்டும். "ராவுங்கண்ணே, நிக்கிறேன்" என்று நின்றேன். பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று திரும்பத் திரும்பக் கொடுத்தேன். பாவம், முகம் சுளித்தாரே தவிர முடியாது என்று சொல்லவில்லை.

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்து வைத்திருந்தார்! மெழுகு ஒட்டிய விரலில் வேர்வையும் சேர்ந்தால் வார்னிஷ்மேல் பிடி நிற்காது. ஊசி தோலை விட்டுவிட்டுத் தொடையில் இறங்கும். செருப்பின் குதியைச் சுரண்டும் கண்ணாடிச் சில்லு என் பையில் இருந்தது. வார்னிஷ் காயும்வரை காத்திருந்து, அங்கேயே உட்கார்ந்து அத்தனையையும் சுரண்டித் தள்ளினேன்.

"எம்புட்டு ஆசையா அடிச்சேன்" என்றார்.

"அழகுக்கு இல்லண்ணே, வேலைக்கு" என்றேன்.

மறுநாள் காலையில் கைப்பிடி பிளக்காமலிருக்க நுனியில் உலோகப் பூண் போட்டு, ஊசியை அடித்து இறக்கி, ஒரு விவசாயி கேட்டிருந்த இரட்டை அடித்தோல் செருப்பை மடியில் வைத்தேன். வலி ஓடிவிட்டது என்றால் பொய். இருந்தது. ஆனால் விரல்கள் மூடின, கட்டைவிரல் சும்மா சாய்ந்திருந்தது. டாக்டர் சொன்னபடி நடுநடுவே கையை உதறி ஓய்வு கொடுத்தேன். ஒரு செருப்பு முடிந்தது.

வீட்டுக்காரர் அதை வாங்கி வளைத்தார். நகத்தால் தையலை நெம்பிப் பார்த்தார். நூல் அசையவில்லை.

"அப்ப கல்லாவுக்கு யாரையாச்சும் பாக்கணும்."

"நீங்களே உக்காருங்க. முட்டி வலிக்குதுன்னு தெனமும் பொலம்புறது நீங்கதான?"

 அவர் ஜோடியின் மற்ற செருப்பை எடுத்து என் மடியில் வைத்தார்.