தூர் இல்லாத புல்

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் அந்தக் கட்டிடத்தில் அவளை எல்லோரும் ஒட்டுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடமாக அவள் பார்த்தது அந்த ஒரு வேலைதான். செய்தித்தாளுக்குள் நசுங்கிக் காய்ந்து வரும் செடியைத் தடித்த வெள்ளைத் தாளில் கிடத்துவாள். இலைக்குப் பசை, தடித்த தண்டுக்கு ஊசிநூல். நீளமான செடி என்றால் மடித்து வைப்பாளே தவிர, வெட்டமாட்டாள்.

பூச்செடிகளோடு அவளுக்கு வம்பில்லை. பூவைப் பார்த்தால் குலம் கோத்திரம் தெரிந்துவிடும். புல் அப்படியா? தூரத்தில் எல்லாம் ஒரே பச்சை. கிட்டே போனால் ஒவ்வொன்றும் ஒரு ரகம். கதிரில் இருக்கும் சிறுகதிர் முழுசாக உதிர்கிறதா, உமியைக் காம்பிலேயே விட்டுவிட்டு உதிர்கிறதா, இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தில் நிற்பது சவ்வா, மயிரா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் பேரினத்தைச் சொல்வார்கள். அந்தப் பேரினத்துக்குள் இது எந்த இனம் என்று பிரிப்பதற்குப் பல சமயம் மண்ணுக்கடியில் இருப்பது வேண்டும். கொத்தாகத் தூர் கட்டுகிறதா, கிடைத்தண்டு விட்டு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் மேலே மட்டும் பிடுங்கிக்கொண்டு வரும் மாணவர்கள் அவளிடம் மாட்டினால் தொலைந்தார்கள்.

"இது என்ன, சலூன்ல பொறுக்கின முடியா? போய் வேரோட கொண்டுவாங்க. இல்லேன்னா மாட்டுக்குப் போடுங்க, அதுவாவது திங்கும்."

அந்த வசவுக்குப் பயந்தே ஒழுங்காகச் சேகரித்தவள் அவள் மகள். அதே கட்டிடத்தில் ஒரு பேராசிரியையிடம் புல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். "மேடத்தைக்கூட சமாளிச்சிடலாம்மா. உன்னைத்தான் முடியல" என்று சொல்லிக்கொண்டே செய்தித்தாள் கட்டை மேஜையில் வைப்பாள். அம்மாக்காரி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பிரிப்பாள். உள்ளே வேர், தூர், கதிர் எதுவும் குறையாமல் இருக்கும். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதை மட்டும் வெளியே காட்டமாட்டாள். காட்டியிருக்கலாம்.

மழை விட்ட ஒரு காலையில், சாலைக்காக வெட்டிய சரிவொன்றில் புல் எடுக்கப் போனாள் மகள். சரிவு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. மூன்றாம் நாள்தான் அவளை எடுத்தார்கள். குறிப்பேடு கிடைக்கவில்லை. தோள்பை மட்டும் தோளிலேயே இருந்தது. அதற்குள் ஒரே ஒரு புல், கைப்பிடி மண்ணோடு.

இருபது நாள் கழித்து வேலைக்கு வந்த அம்மாக்காரி, செய்தித்தாளுக்குள் காய்ந்திருந்த அந்தப் புல்லை வேறு யாரையும் தொட விடவில்லை. பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூரைச் சுற்றிச் செம்மண் கெட்டியாக அப்பியிருந்தது. மகளின் வாயிலும் மூக்கிலும் போய் அடைத்த மண். வெந்நீரில் ஊறவைத்துத் தூரிகையால் தட்டினால் பத்து நிமிடத்தில் போய்விடும். எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். அன்று கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டு. வெட்டியதை மண்ணோடு குப்பையில் போட்டுவிட்டு மேல்பாதியை ஒட்டினாள். அவள் ஒட்டியதிலேயே அழகான தாள் அதுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றைய குப்பை அன்றைக்கே எரிந்துபோனது.

இரண்டு மாதம் கழித்து மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மகளுக்கு வழிகாட்டியாக இருந்தவர். தாள் லென்ஸுக்கடியில் இருந்தது.

"அக்கா, உக்காருங்க. பேரினம் தெரிஞ்சுபோச்சு. ஆனா கதிர் நுனியில இந்த மீசை நீளம், இந்த உமி... இதுவரைக்கும் எழுதினது எதோடயும் ஒத்துப்போகல. கிடைத்தண்டு ஓடுற புல்லா இருந்தா, இது புது இனம். உங்க பொண்ணு பேரையே வெச்சிடலாம். தூர் கட்டுற புல்லா இருந்தா, பழைய இனமே கொஞ்சம் மீசை நீண்டு வந்திருக்கு, அவ்வளவுதான்." தாளின் கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தார். "அடிப்பகுதி எங்கக்கா?"

அவள் தண்டின் வெட்டுமுனையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தான் வெட்டினேன்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வேற செடி கிடைக்காதுக்கா. அந்தச் சரிவே இப்ப இல்ல, சுவர் கட்டிட்டாங்க. இலை ஈரத்துல கெட்டுப்போனதால மரபணுச் சோதனையும் சரியா வரல." குரலைத் தாழ்த்தினார். "வெட்டும்போது பாத்திருப்பீங்கல்ல? பக்கவாட்டுல தண்டு ஓடுச்சா? நீங்க பாத்தேன்னு சொன்னா நான் எழுதிடுவேன். உங்க கண்ணை நம்பாம யார் கண்ணை நம்புறது?"

ஓடியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உலகத்தில் புல் இருக்கும்வரை மகள் பெயர் இருக்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. தூரை நினைவுக்குக் கொண்டுவர உயிரைக் கொடுத்து முயன்றாள்.

"நான் மண்ணைத்தான் பாத்தேன் மேடம்" என்றாள். "வேற எதையும் பாக்கல."

மேடம் ஒரு சிறு சீட்டை எடுத்து, இப்படிப்பட்ட தாள்களுக்கு வழக்கமாக எழுதுவதை எழுதத் தொடங்கினார்: 'அடிப்பகுதி சேகரிக்கப்படவில்லை.'

அவள் மேடத்தின் கையைப் பிடித்துவிட்டாள். "அப்படி எழுதாதீங்க. என் பொண்ணு வேரோடதான் கொண்டுவந்தா. சாகுறப்போகூட முழுசாத்தான் எடுத்திருந்தா. பின்னாடி பாக்குறவங்க அவளை அரைகுறைன்னு நினைக்கக் கூடாது."

மேடம் அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். 'முழுச் செடியாகச் சேகரிக்கப்பட்டது. ஒட்டும்போது அடிப்பகுதியை வெட்டியவர்' என்பதுவரை எழுதி நிமிர்ந்தார். தாளில் சேகரித்தவர் பெயர் இருக்கும், இனத்தைக் கண்டு சொன்னவர் பெயர் இருக்கும். ஒட்டியவர் பெயரை எழுதும் வழக்கம் கிடையாது.

"எழுதுங்க" என்றாள்.

எழுதினார். அவளே அந்தச் சீட்டைத் தாளின் மூலையில், மகளின் பெயருக்கு நேர் கீழே ஒட்டினாள். பேரினத்தின் கடைசியில், இனம் தெரியாதவற்றை வைக்கும் உறைக்குள் தாளைச் செருகினாள். அலமாரிக் கதவைச் சாத்த மட்டும் அவளால் முடியவில்லை. மேடம் வந்து சாத்தினார்.