அமானுல்லா அண்ணனிடம் நான் கேட்காத கேள்வி

வியாழக்கிழமை காலை மருந்துக்கடையைத் திறந்துகொண்டிருந்தபோது வள்ளியப்பன் செட்டியார் போன் செய்தார். செக்காலை ரோட்டில் அமானுல்லா அண்ணனின் மோட்டார் ரிப்பேர் கடைக்கு அடுத்து பெயின்ட் கடை வைத்திருப்பவர். "பாய், நம்ம அமானுல்லா போயிட்டாக. விடியக்காலம் தொழுதுட்டு வந்து படுத்தவக எந்திரிக்கவே இல்லையாம்" என்றார்.

போனை வைத்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'இனி அந்த விஷயம் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்' என்ற எண்ணம்தான் வந்தது. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத முடியாது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாச்சியாபுரம், வலையபட்டி வரைக்கும் தண்ணீர் மோட்டார் பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நெடிய மனிதர். என்ன பழுது, எதை மாற்றினார் என்று விளக்க மாட்டார். முடித்ததும் "போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார். அதிகம் பேசாதவர்மேல் சந்தேகம் வருவது சுலபம். எனக்கும் அப்படித்தான் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வங்கதேசத்தில் இருந்த ஓர் அகதி முகாமில் தொண்டு செய்ய எங்கள் இருவரையும் ஒரு குழுவில் சேர்த்தார்கள். மருந்து அறை என் பொறுப்பு, அடிபம்புகள் அவர் பொறுப்பு. குன்றுச் சரிவெல்லாம் மூங்கிலும் தார்ப்பாயுமாகக் குடிசைகள். முதல் வெள்ளிக்கிழமை, மொழி தெரியாத ஒருவர் தோளோடு என் தோள் ஒட்ட நின்று தொழுதபோது கண் கலங்கிவிட்டது. சகோதரத்துவம் என்பது இவ்வளவுதான் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம், கட்டுப்போட வைத்திருந்த வெள்ளைத் துணி குறையத் தொடங்கியது. லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு அண்ணன் தினமும் ஒரு பையோடு கிழக்குச் சரிவுப் பக்கம் போவதைக் கவனித்தேன். திரும்பி வரும்போது கைலி நனைந்திருக்கும். மேலெல்லாம் அத்தர் வாசம். சோற்றுக்கே வரிசை நிற்கும் இடத்தில் இவருக்கு அத்தர் எங்கிருந்து வருகிறது? ஒரு நாள் தள்ளி நின்று பின்தொடர்ந்தேன். வளைவில் காத்திருந்த இரண்டு பேரிடம் பையைக் கொடுத்தார். விற்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகக் குழுத் தலைவரான டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தார். துணியை எடுத்தது உண்மைதான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி ஏறும்போது எனக்கு ஸலாம் சொன்னார். அந்த ஸலாமையும் நடிப்பென்றே எடுத்துக்கொண்டேன்.

அவர் போன நான்காம் நாள் அந்த இரண்டு பேரும் மருந்து அறைக்கு வந்தார்கள். உயரமானவர் எங்கே என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல விஷயம் புரிந்தது. கிழக்குச் சரிவில் தொண்டை அடைப்பான் நோய் பரவியிருந்தது எங்களுக்கு முன்பே தெரியும். தொண்டர்கள் யாரும் அங்கே போகக் கூடாதென்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. அங்கே இறந்தவர்களைத் தொடச் சொந்தக்காரர்களே அஞ்சியதுதான் தெரியாது. அண்ணன்தான் அந்த மையத்துகளைக் குளிப்பாட்டி, அந்தத் துணியைச் சுற்றிக் கபனிட்டு, முகாம் இமாம் கொடுத்த அத்தரைப் பூசி அடக்கத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

அன்றும் ஒருவர் இறந்திருந்தார். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு நான் போனேன். என்னால் தண்ணீர் ஊற்ற மட்டும்தான் முடிந்தது. மையத்தைக் குளிப்பாட்டுவதை ஒருவர் செய்தால் ஊர் முழுவதற்கும் கடமை தீர்ந்துவிடும் என்பார்கள். அந்தச் சரிவுக்கு அந்த ஒருவராக இருந்தவரைத்தான் நான் விரட்டியிருந்தேன்.

ஊர் திரும்பியபோது பேச்சு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. போன இடத்தில் எதையோ எடுத்துவிட்டாராம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம் என்றார்கள். நான் அவர் கடைக்குப் போய், டாக்டரிடம் சொன்னது நான்தான், உண்மை இப்போது தெரியும் என்று சொல்லி நின்றேன். உட்காரச் சொல்லி டீ வாங்கிவரச் செய்தார்.

"சொல்லாம எடுத்தது என் தப்புத்தான் தம்பி. சொன்னா விடமாட்டாக, அந்த மையத்துக அப்படியே கெடக்கும். ஒங்க எடத்துல நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றார். டீ கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா ஒங்ககிட்ட சொல்லியிருப்பேன்" என்றார்.

ஊரில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "அல்லாவுக்காகச் செஞ்சதச் சொல்லித் திரிய வேணாம்" என்று தடுத்துவிட்டார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அந்த வார்த்தைக்குப் பின்னால் இத்தனை வருடம் ஒளிந்துகொண்டேன். பள்ளிவாசல் கமிட்டியில் அவர் பெயர் வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். நான் பேசவில்லை. அவர் மகளுக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று தட்டிப்போனது. இந்தப் பேச்சால்தான் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வந்து என் பிள்ளைகளை விசாரித்துவிட்டுப் போவார். என்னைச் சோதிக்கத்தான் வருகிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஒரு நாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு, அவர் ஜனாஸா இறுதித் தொழுகைக்காகப் பள்ளிவாசலில் வைக்கப்பட்டது. மகன் சாதிக் முன்னே வந்து, அத்தாவால் யாருக்காவது மனக்குறை இருந்தால் அல்லாவுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். எனக்குப் பின்வரிசையில் இருவர் அந்த வெளிநாட்டு விஷயத்தை முணுமுணுத்தார்கள். நான் வரிசையை விட்டு முன்னே போனேன்.

"அண்ணன் திருடலை. திருடுனாகன்னு சொன்னது நான். தெரியாத ஊருல, யாரும் தொடாத மையத்துகளக் குளிப்பாட்டி, அந்தத் துணியிலதான் கபனிட்டாக. அது தெரிஞ்ச பொறகும் இத்தன வருசம் வாயத் தெறக்காம இருந்தேன். நான்தான் மன்னிப்புக் கேக்கணும்" என்றேன்.

இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். தொழுது முடித்து அடக்கத்துக்காக மையவாடிக்கு நடந்தோம்.

கபர்க்குழியைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. நான் கடைசியில் நின்றேன். மண் போடும் முறை வந்ததும் சாதிக் திரும்பிப் பார்த்து, "இங்குட்டு வாங்க" என்றார். பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார். அது மன்னிப்பா, வெறும் மரியாதையா, எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் முயலவில்லை. குனிந்து மூன்று கை மண் எடுத்துப் போட்டேன்.

போய் வாருங்கள் அண்ணே. உங்கள் கபரில் அல்லாஹ் வெளிச்சத்தைத் தரட்டும். மறுமையில் நாம் சந்திக்கும்போது முதலில் உங்களிடம்தான் வருவேன். நேராக உங்களிடம் பேசுவேன்.