பாவு விரித்த சந்தில் ஒரு கட்டில்

1. யாரு ஊட்டுக்குங்க போறீங்க?

கோயமுத்தூர் முனிசிபாலிட்டியில் நான் மிட்வைஃபாகச் சேர்ந்தது முப்பதுகளின் நடுவில். எனக்குக் கொடுத்த வட்டம் ராஜ வீதிக்குப் பின்னால் கிடக்கும் பழைய பேட்டை. குதிரை வண்டி ராஜ வீதியோடு நின்றுவிடும். அதற்கப்புறம் நடைதான்.

முதல் நாள் கேஸ் எதுவும் இல்லை. ஆபீஸில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்காருவது எனக்கு ஆகாது. வட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று சாப்பாட்டை முடித்துவிட்டு ஆயா ராமக்காளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பிரசவ வலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிவர எந்தச் சந்து தோதுப்படும் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் யோசனை.

வேலையில்லாமல் நடக்கிற பெண்பிள்ளையை அந்தச் சந்துகள் அதுவரை கண்டதில்லை போலிருக்கிறது. பத்தடிக்கு ஒருத்தர் நிறுத்திக் கேட்டார்கள்.

"ஏனுங்க அம்மணி, யாரு ஊட்டுக்குங்க போறீங்க?"

"யாரு வீட்டுக்கும் இல்லைங்க. சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்றால் யாரும் நம்பவில்லை. பிளேக் ஊசி போட வந்தவள் என்று எப்படியோ பேச்சுக் கிளம்பிவிட்டது. நாங்கள் ஒரு சந்துக்குள் நுழைந்தால் அடுத்த சந்தில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. ராமக்காளுக்குத்தான் கோபம். "பிரசவம் பாக்குற அம்மாங்க இவங்க" என்று தெருத் தெருவாகக் கத்திக்கொண்டே வந்தாள். அதன் பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. வீட்டுக்கு வீடு மோர் கொடுத்தார்கள், வேண்டாமென்றாலும் விடவில்லை.

தட்டார் சந்தில் சுத்தியல் சத்தம், செக்கடியில் எள்ளுப் புண்ணாக்கு வாசம், சில இடங்களில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய குறுகல். கட்டில் திரும்பாத முக்குகளையெல்லாம் மனசில் குறித்துக்கொண்டே நடந்தேன். பிற்பகலில் நெசவாளர் சந்துக்கு வந்தோம். நேரான சந்து, பெருக்கிச் சுத்தமாக இருந்தது. தறிச் சத்தமெல்லாம் வீடுகளுக்குள்ளே. மறுமுனை மட்டும் ஒரு மதிலில் முட்டி அடைத்திருந்தது.

"இந்தச் சந்தில் கட்டில் தாராளமாகப் போகும்" என்றேன். ராமக்காளும் தலையாட்டினாள்.

மதிலை ஒட்டிய கடைசி வீட்டில் ருக்மணி என்ற பெண் நிறைமாதமாக இருந்தாள். புருஷன் மில்லில் ராத்திரி ஷிப்ட். வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். மாமியார் வாசலை மறித்துக்கொண்டார்.

"எங்கூட்டுல எல்லாம் பாயிலதானுங்க பொறந்துது. நர்ஸம்மா எல்லாம் வேண்டாமுங்க. மோரு குடிங்க, போயிட்டு வாங்க."

மோரைக் குடித்தேன், வந்துவிட்டேன்.

2. மழைங்களா?

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதே மாமியார் என் வாசலில் நின்றார். தலைமுடியைக்கூட அள்ளி முடிந்திருக்கவில்லை.

"நர்ஸம்மா, கை வெளிய வந்துபோச்சுங்க. ஓடியாங்க."

குழந்தை குறுக்கே கிடந்தால்தான் கை முதலில் வரும். அதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும், அதுவும் உடனே. வண்டி பிடித்து ராஜ வீதியில் நிறுத்தச் சொல்லி, என்னோடு தங்கியிருந்த ராமக்காளை அனுப்பிவிட்டு ஓடினேன்.

சந்தின் வாயில் கால் நின்றுவிட்டது. முந்தின நாள் காலியாகக் கிடந்த சந்து முழுக்க நூல். ஒரு முனையிலிருந்து மதில் வரை, இடுப்பு உயரத்தில், மூங்கில் கால்கள் மேல், தறியில் ஏற்றப்போகிற நீளவாட்டு நூலான பாவு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு ஈரமாக நின்றது. இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாகக் கஞ்சி சீராகப் படிய நூலுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை அது. ஒருக்களித்து நடந்தால் ஒரு ஆள் போகலாம். கட்டில் போகவே போகாது.

ருக்மணியைப் பார்த்தேன். நாடி ஓடிக்கொண்டிருந்தது, கண் செருகத் தொடங்கியிருந்தது. பிரஷ் போட்டுக்கொண்டிருந்தவர்களிலிருந்து நாலு பேர் வந்து அவளைக் கட்டிலில் கிடத்தினார்கள். வாசலுக்கு வந்து, "பாவு யாரோடது? அறுத்து விடுங்க" என்று கத்தினேன்.

பாவுக்காரர் வெங்கடப்பன் முன்னால் வந்தார். கையெல்லாம் கஞ்சி. முகம் வெளுத்திருந்தது.

"அறுத்தா ஈர நூல் சுருண்டு சந்து பூரா சிக்குப் புடிச்சுக்குமுங்க. கால் வெக்க முடியாது. தூக்கிப் புடிச்சா அடியில போயிரலாமுங்க."

அவருடைய அக்காள் அவர் கையைப் பிடித்தார். "டேய், கூறைப் பொடவைப் பாவுடா. பெத்துப் பொழைக்கப் போறவ அடியில போனா, கல்யாணக்காரங்க தீட்டுன்னு திருப்பிப் போடுவாங்க."

"அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீ அந்த மூங்கில் கால மொதல்ல புடிக்கா."

நெசவாளர்கள் தங்களுக்குள் பேசுகிற பாஷையில் வெங்கடப்பன் ஒரு குரல் கொடுத்தார். வீடுகளுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். சந்து நெடுக எல்லாரும் மூங்கில் கால்களைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்கள். குனிந்தபடி நாங்கள் கட்டிலோடு அடியில் நுழைந்தோம். எங்களுக்கு முன்னால் பாவு உயர்ந்தது, பின்னால் தாழ்ந்தது. சில இடங்களில் நூல் அறுகிற சத்தம் கேட்டது.

மேலிருந்து கஞ்சித் தண்ணீர் ருக்மணியின் முகத்தில் சொட்டியது. கண்ணைத் திறந்தாள்.

"மழைங்களா?"

"ஆமா கண்ணு, மழைதான். கண்ண மூடாத" என்றேன்.

ராஜ வீதியில் ராமக்காள் வண்டியோடு நின்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை. அழக் கொஞ்சம் யோசித்தது, அப்புறம் நன்றாகவே அழுதது. ருக்மணியும் பிழைத்தாள். சாயங்காலம் சேதி சொல்லச் சந்துக்குப் போனபோது, அறுந்த இழைகளை அக்காளும் தம்பியும் வாசலில் உட்கார்ந்து முடிந்துகொண்டிருந்தார்கள். "ரெண்டு உசுருமுங்களா?" என்று அக்காள் கேட்டார். ஆமாம் என்றதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி நூலைப் பிடித்தார்.

3. ஹெல்த் ஆபீஸர் கேட்டது

இரண்டு நாள் கழித்து ஹெல்த் ஆபீஸர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், எதையும் ஒழுங்குபடுத்தாமல் தூங்கமாட்டார்.

"அந்தச் சந்தில் பாவு போடறதைத் தடுத்து நோட்டீஸ் விடலாம்னு இருக்கேன். வழியை மறிக்குது. நேரில் பார்த்தவர் நீங்கதான். சொல்லுங்க."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சந்தின் வாயில் நின்று அந்த நூலை மனசுக்குள் அத்தனை திட்டு திட்டியிருந்தேன். ஆனால் கட்டிலுக்கு ஓடிவந்த நாலு பேர் நினைவுக்கு வந்தார்கள்.

"சார், விடியற அந்நேரத்துக்கு மத்த சந்துகள்ல போய்ப் பாருங்க. ஆம்பளைங்க மில்லுக்குப் போயிருப்பாங்க, பொம்பளைங்க குழாயடியில் நிப்பாங்க. பாவு இருந்ததாலதான் அந்தச் சந்தில் அத்தனை கை இருந்தது. பாவு இல்லாட்டி கட்டில் தூக்கவே நான் ஆள் தேடி அலைஞ்சிருப்பேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு போயிருக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். நோட்டீஸ் போகவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்கள், வட்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னைக் கேட்பதுண்டு. என் வழக்கத்தைச் சொல்வேன்: ருக்மணி கேஸுக்கு அப்புறம் எந்த வட்டத்துக்கு மாற்றினாலும் நான் முதல் சுற்று போனது விடியற்காலையில்தான். சந்து எத்தனை அகலம் என்று பார்க்கப் போகவில்லை. கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று பார்க்கப் போனேன்.